மூணு பேட்டரி, ஒரு கப்ளர்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மாசம். ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் திரும்பிக்கொண்டிருந்தேன். இருட்டுகிற நேரம், லேசான தூறல், முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது. ஹார்னை அமுக்கினேன். சத்தம் வரவில்லை, முனகல்தான் வந்தது. இண்டிகேட்டரைப் போட்டால் மினுக்காமல் மங்கலாக எரிந்தபடியே நின்றது. ஓரங்கட்டி நிறுத்தி, வண்டியை அணைத்து, செல்ஃபைத் தட்டினேன். ‘டக்’. இன்னொரு தடவை. ‘டக்’. அவ்வளவுதான்.

கிக்கரை உதைத்தேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிந்தது. அப்பாடா என்று வீடு வந்து சேர்ந்தேன்.

என் பிரச்சினைக்கான பாதி விடை அன்றைக்கு அந்த ஹெட்லைட்டிலேயே இருந்தது. அது புரிய எனக்குப் பதினாலு மாசமும் மூணு பேட்டரியும் ஆனது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கதையோடு கதையாக, சின்ன வண்டியில் சார்ஜ் ஏறவில்லை என்றால் எங்கிருந்து எப்படிப் பார்ப்பது என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. கையைச் சுட்டுக்கொண்டு கற்றவன்.

வண்டியும் வைத்தியமும்

அப்பா 2014-ல் வாங்கிய 100 சிசி வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம், தவறு அவர்களுடையதும் இல்லை. தெருவுக்குப் பத்து நிற்கிற ரகம். பேட்டரி 12 வோல்ட், 3 ஏ.ஹெச்.

மறுநாள் பேட்டரி கடைக்குப் போனேன். “சார், பேட்டரி டவுன். பழசாயிடுச்சு, மாத்திடுங்க” என்றார்கள். மாற்றினேன், ஆயிரத்துச் சொச்சம். வண்டி புதுசு மாதிரி ஓடியது. நாலு மாசம் கழித்து மறுபடி அதே முனகல். இந்தத் தடவை, “இந்த லாட்டே சரியில்ல சார்” என்று கொஞ்சம் குறைத்து வேறொன்று கொடுத்தார்கள். அது ஆறு மாசம் தாங்கியது.

மூணாவது தடவை உஷாராகி மெக்கானிக்கிடம் போனேன். அவர் சைடு கவரைக்கூடக் கழற்றவில்லை. “காயில் போச்சு சார். மேக்னெட்டக் கழட்டணும். ரெண்டாயிரத்து ஐநூறு ஆகும்” என்றார். எனக்கு அந்த மாசம் ரெண்டாயிரத்து ஐநூறு இல்லை. ஆயிரம் இருந்தது. அதனால் மூணாவது பேட்டரி வாங்கினேன். ஏழ்மை சில நேரம் ஒரு மேக்னெட்டைக் காப்பாற்றும்.

எங்கள் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் உண்டு. பம்ப்செட் மோட்டார், மிக்ஸி, ஃபேன் என்று நாள் முழுக்கச் செம்புக் கம்பி சுற்றுகிறவர். அவரிடம் புலம்பினேன். சுற்றிக்கொண்டிருந்த கம்பியை விடாமல் கேட்டார்:

“ஹெட்லைட் எரியுதாண்ணே?”

“நல்லா எரியுதுப்பா.”

“காயில் போயிருந்தா அது எங்கேருந்து எரியும்?”

நான் முழித்தேன். “லைட்டுக்கும் சார்ஜுக்கும் தனித்தனிச் சுத்து இருக்கலாம், முழுசா அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மேக்னெட் செத்துப்போகல. அளந்து பாருங்கண்ணே. மீட்டர் இருக்கா?”

இல்லை. அன்று மாலையே கீழவாசல் பக்கம் போய் 350 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன்.

கிணற்று மோட்டாரும் மேல் தொட்டியும்

அளக்கும் முன் எதை அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். அந்தத் தம்பி எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

இன்ஜின் சுற்றும்போது அதோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுற்றுகிறது. நாம் மேக்னெட் என்கிறோம். அதற்குள்ளே அசையாமல் உட்கார்ந்திருக்கும் கம்பிச் சுற்றுகள்தான் காயில். காந்தம் சுற்றினால் காயிலில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்ட விஷயம்தான். இது உங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார்.

காயிலில் வருவது ஏ.சி. மின்சாரம், போகும் வரும். பேட்டரிக்கு ஒரு பக்கம் மட்டும் போகிற டி.சி. வேண்டும். மோட்டாரில் ஏறின தண்ணீர் திரும்ப இறங்காமல் ஃபுட்வால்வு தடுக்கிறதே, அந்த வேலையை ரெக்டிஃபையரில் உள்ள டயோடு செய்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். அதைப் பதினாலரை பக்கம் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். ரெண்டும் ஒரே அலுமினியப் பெட்டியில் இருக்கும். அதன் பெயர் ஆர்.ஆர். யூனிட். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் இது மிச்ச மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் வகை, ஓவர்ஃப்ளோ குழாய் மாதிரி. அதனால் சூடாகும். அந்த அலுமினியத்தில் சீப்புப் பல் மாதிரி வரிகள் இருப்பது சூடு ஆறத்தான். சேறு அப்பிக் கிடந்தால் சுரண்டிவிடுங்கள்.

கடைசியில் பேட்டரி. மேல் தொட்டி. தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் நாம் யாரும் தொட்டியை மாற்றுவதில்லை. மோட்டார் ஓடுகிறதா, குழாயில் ஏறுகிறதா, கீழே எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கிறோம். வண்டி விஷயத்தில் மட்டும் மூணு தொட்டி மாற்றியிருக்கிறேன்.

என் வண்டி மாதிரிப் பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல் காயிலிலிருந்தே நேராக எரியும். ஐடிலில் மங்கி, முறுக்கினால் பளிச்சிடுவது அதனால்தான். கிக்கரில் ஸ்டார்ட் ஆவதும் அப்படியே. பிளக்குக்கான பொறியும் காயில் தயவு. ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட், செல்ஃப் இவைதான் பேட்டரியை நம்பியவை. ஆக அன்றைக்கு டிராக்டருக்குப் பின்னால் எனக்குக் கிடைத்த செய்தி இது: மோட்டார் ஓடுகிறது, தொட்டி காலி. நடுவில்தான் கோளாறு.

புது வண்டிக்காரர்கள் இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படி வந்துவிட்டது, அணைக்க சுவிட்சே கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஈ.சி.யு. என்று எல்லாம் மின்சாரத்தில் நடக்கிறது. அதில் பேட்டரி சுத்தமாகப் படுத்தால், கிக்கர் இருந்தாலும் பெரும்பாலும் காலைத்தான் நோகடிக்கும்.

முதலில் தொட்டி

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும். ஓட்டி வந்தவுடன் பார்த்தால் பொய் சொல்லும்.

12.6-க்கு மேல் என்றால் நிறைதொட்டி. 12.4 முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். சார்ஜ் போட்ட பிறகும் 10.5-லேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று பொருள். அப்போது பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

எனக்கு 11.9 காட்டியது. வெளியே சார்ஜ் போட்டேன். 3 ஏ.ஹெச். பேட்டரிக்கு 0.3 ஆம்பியர்தான் ஏற்ற வேண்டும், அதாவது பத்தில் ஒரு பங்கு. கார் பேட்டரி சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டினால் வெந்துவிடும். மறுநாள் காலை 12.7. செல்ஃபை அமுக்கும்போது 10.6-க்கு இறங்கி, விட்டதும் மேலே வந்தது. செல்ஃப் சுற்றும்போது 9.5-க்குக் கீழே போகாமல் இருந்தால் பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறது என்று நம்பலாம். பேட்டரி நிரபராதி. முந்தின ரெண்டும்கூட நிரபராதியாகத்தான் இருந்திருக்கும்.

ஒழுகல்

அடுத்து, சாவி ஆஃபில் இருக்கும்போது எங்காவது மின்சாரம் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். மைனஸ் ஒயரைக் கழற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து இணைக்க வேண்டும். முதலில் 10 ஆம்பியர் துளையில் தொடங்குங்கள். இப்படி இணைத்திருக்கும்போது செல்ஃபைத் தொடாதீர்கள். ஆம்பியரில் வைத்த மீட்டரை பேட்டரியின் ரெண்டு முனையிலும் நேராக வைக்கவே வைக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

ஒன்றிரண்டு மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. எனக்கு 20 காட்டியது! ஃபோனுக்காக ஹேண்டில்பாரில் மாட்டிய சார்ஜரை பேட்டரியோடு நேராக இணைத்திருந்தேன். அதில் கண் சிமிட்டாமல் ஒரு நீல விளக்கு. 20 மில்லிஆம்பியர் என்றால் 3 ஏ.ஹெச். பேட்டரியை 150 மணி நேரத்தில் குடித்துவிடும். ஆறு நாள்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். சார்ஜரைச் சாவிக்குப் பின்னால் வரும் ஒயரில் மாற்றி இணைத்தேன். வீட்டில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். மூணு வாரம் கழித்து ஹார்ன் மறுபடி முனகியது.

ஒரு குற்றவாளி கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். தொட்டி ஒழுகுகிறதா என்று பார்த்தவன், தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கவே இல்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய ரெண்டு நிமிஷ வேலை அது.

(இன்னொரு ஒழுகல், பலர் கவனிக்காதது: பின் பிரேக் சுவிட்ச். அதன் ஸ்பிரிங் இறுகிப்போனால் கால் எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும். 21 வாட் பல்ப் என்றால் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.)

ஏறுகிறதா?

வண்டியை ஸ்டார்ட் செய்து, மீட்டரை மறுபடி பேட்டரியிலேயே வைத்து, ஆக்சிலேட்டரைப் பாதி வரை கொடுங்கள். 13.5-லிருந்து 14.8 வரை வந்தால் எல்லாம் நலம். ஐடிலில் கொஞ்சம் குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்ப் அடிக்கடி ஃப்யூஸ் ஆவது, பேட்டரி பக்கம் உப்பிக்கொள்வது, அழுகின முட்டை நாற்றம் எல்லாம் அதன் அறிகுறி.

எனக்கு ஸ்டார்ட் செய்யும் முன் 12.2. முறுக்கினால் 12.4. அவ்வளவுதான் ஏற்றம். அதாவது சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. புது பேட்டரிகள் நாலு மாசம், ஆறு மாசம் எப்படித் தாங்கின என்பதும் புரிந்தது. கடையில் நிறைத்துக் கொடுத்ததைத்தான் இத்தனை நாள் தின்றுகொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. 1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளாண்டே செய்த ஈய-அமில பேட்டரியின் வாரிசுதான் இன்றும் நம் சைடு கவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது அரைப் பட்டினியில் கிடக்கக் கிடக்க, தகட்டில் ஈய சல்ஃபேட் படிந்து கல்லாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆக, கோளாறை விட்டுவிட்டுப் புது பேட்டரி மாட்டினால் அந்தப் புதுசையும் கொல்கிறோம்.

களிம்பு

ஞாயிற்றுக்கிழமை பட்டறைத் தம்பியும் வந்தார். என் வண்டியில் ஆர்.ஆர். யூனிட்டுக்கு நாலு ஒயர். வெள்ளை காயிலிலிருந்து சார்ஜுக்கு, மஞ்சள் லைட்டுக்கு, சிவப்பு பேட்டரி பிளஸ்ஸுக்கு, பச்சை எர்த். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், உங்கள் வண்டிக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெக்கானிக் சொன்ன காயில். இந்த நாலு ஒயரையும் யூனிட்டோடு இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரைப் பிரித்து, வெள்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் பார்த்தோம். இந்த மாதிரிக் காயில்களில் ஒரு ஓம் பக்கம்தான் இருக்கும். அவ்வளவு சின்ன அளவை எடுக்கும்போது மீட்டரின் ஒயருக்கே ஒரு தடை உண்டு. ரெண்டு முனையையும் ஒட்டவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்தபின் 0.7. பிறகு ஸ்டார்ட் செய்து, மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி அதே வெள்ளை ஒயரில் பார்த்தால், முறுக்க முறுக்க எண் தடையில்லாமல் ஏறியது. காயில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ரெண்டாயிரத்து ஐநூறு மிச்சம்.

கப்ளரை மறுபடி மாட்டினோம். தம்பி ரெண்டு குண்டூசி கேட்டார். ஓடுகிற வண்டியில், கப்ளரின் பின்பக்கமாக, சிவப்பு ஒயர் நுழைகிற இடத்தில் இந்தப் பக்கம் ஒரு ஊசி, அந்தப் பக்கம் ஒரு ஊசி. பக்கத்து ஒயரில் படாமல் கவனமாக.

ஆர்.ஆர். யூனிட் பக்கத்து ஊசியில் 13.9.

பேட்டரி பக்கத்து ஊசியில் 12.4.

ரெண்டு ஊசிக்கும் நடுவே கட்டைவிரல் நகம் அகலம்கூட இருக்காது. அதற்குள் ஒன்றரை வோல்ட் காணோம். நல்ல இணைப்பில் 0.2-க்கு மேல் குறையக் கூடாது.

வண்டியை அணைத்துக் கப்ளரைப் பிரித்து வெயிலில் பிடித்தோம். மூணு பின் பரவாயில்லை. சிவப்பு ஒயரின் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அம்மா வாரத்துக்கு ஒரு தரம் புளி போட்டுத் தேய்க்கும் செம்புக் குடத்தில் பார்த்திருக்கிறேனே, அதே பச்சை. அதைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுத்த வாழையிலை ஓரம் மாதிரிப் பழுப்பாகி, ஒரு மூலை உருகியிருந்தது. ஒயரைத் தொட்டால் பின் தளதளவென்று ஆடியது.

இப்படித்தான் நடந்திருக்கிறது. மழையிலும் வாட்டர் வாஷிலும் தண்ணீர் நுழைந்திருக்கிறது. களிம்பு ஏறியது. களிம்பு மின்சாரத்தைத் தடுத்ததால் சூடு. சூட்டில் பின்னின் ஸ்பிரிங் பிடி தளர்ந்தது. பிடி தளர்ந்ததால் இன்னும் சூடு. வாட்டர் வாஷில் பைப்பை சைடு கவருக்குள்ளே விட்டு அடிக்கச் சொன்னதும் நான்தான்.

வைத்தியம்

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றினோம். மூணு பின்னை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தோம். புளியெல்லாம் இங்கே வேண்டாம், புளிப்பு உள்ளே தங்கினால் மறுபடி அரிக்கும். சிவப்பு ஒயரில் கறுத்துப்போன அரை அங்குலத்தை வெட்டிவிட்டு, புது டெர்மினல் கிரிம்ப் செய்து, புது கப்ளரில் மாட்டினோம். நிறைய இடங்களில் இந்தக் கட்டத்தில் ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். அது அடுத்த மழை வரைதான் தாங்கும். பின்னுக்குப் பின்னால் கொஞ்சம் வேசலின் தடவி, கப்ளரை வாய் கீழே பார்க்கிற மாதிரித் திருப்பிக் கட்டினோம். எர்த் ஒயர் ஃபிரேமில் போல்ட் ஏறும் இடத்தையும் சுரண்டி முடுக்கினோம். சார்ஜ் கோளாறில் பாதி அந்த எர்த்தில்தான் என்பது தம்பியின் கட்சி.

செலவு: கப்ளரும் டெர்மினலும் 60 ரூபாய், ரெண்டு டீ.

ஸ்டார்ட் செய்து பாதி முறுக்கினேன். மீட்டரில் 14.1.

செய்யக் கூடாத ரெண்டு

வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, ‘நிற்கவில்லை பார், சார்ஜ் ஆகிறது’ என்று காட்டுவார்கள். செய்ய விடாதீர்கள். பேட்டரி இல்லாத நொடியில் வோல்டேஜ் எகிறி ஆர்.ஆர். யூனிட்டைச் சுட்டுவிடும். பி.எஸ்.6 வண்டி என்றால் ஈ.சி.யு.வே போகலாம். ஒயரை ஃபிரேமில் தட்டிப் பொறி பார்ப்பதும் அதே ரகம். பொறி வந்தால் ஏதோ மின்சாரம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். 12.4-க்கும் 14.1-க்கும் பொறியில் வித்தியாசம் தெரியாது. என் பதினாலு மாசம் முழுக்க அந்த 1.7 வோல்ட்டுக்குள்தான் இருந்தது.

ரெண்டாவது, ஃப்யூஸ் போனால் தடிமனான கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ் எரிவது ஒயரிங் எரியக் கூடாது என்பதற்காக.

மெக்கானிக் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு இருபது வண்டி பார்க்கிறவருக்கு, கப்ளரில் ஊசி குத்தி உட்கார நேரமில்லை. பாகத்தை மாற்றினால்தான் அவருக்குக் கூலி. ஊசி குத்திக் கண்டுபிடித்ததற்கு நாம் யாரும் காசு கொடுப்பதில்லை, “ஒயரைத்தானே ஆட்டினீங்க” என்போம். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை “பேட்டரி போச்சு” என்று யார் சொன்னாலும், பர்ஸை எடுக்கும் முன் “ஓடும்போது எவ்வளவு வோல்ட் காட்டுது?” என்று கேளுங்கள். அளந்து சொல்கிறவர் கிடைத்தால், அவர் எதையுமே மாற்றாவிட்டாலும் கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அந்த மூணாவது பேட்டரி இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. இன்று காலை பார்த்தேன். நிற்கும்போது 12.7, ஓடும்போது 14.1.